பிளக்கைக் கழற்றுவதற்கு முன்னால்

போன ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் பைக் கழுவிக்கொண்டிருந்தான். டேங்க், மட்கார்டு எல்லாம் பளபளவென்று முடித்துவிட்டு இன்ஜினுக்கு வந்தான். பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கின் கேப்பைப் பிடுங்கினான், ஸ்பேனரை நேராக அது இருக்கும் குழிக்குள் விட்டான். குடித்துக்கொண்டிருந்த டீயைத் திண்ணையில் வைத்துவிட்டு ஓடினேன். "என்னங்ணா, பிளக்தானே?" என்றான். பிளக்தான், ஆனால் அதே பிளக்கில் எனக்குப் போன காசு எனக்குத்தான் தெரியும்.

சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, சைலன்சருக்குள் தண்ணீர் விடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். இன்ஜின் பக்கம் சுத்தம் செய்யும்போது தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பிளக் குழியைச் சுத்தம் செய்யாமல் பிளக்கைக் கழற்றுவது

பல வண்டிகளில் பிளக், சிலிண்டரின் தலைமூடியான சிலிண்டர் ஹெட்டில் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறு அங்கேதான் போய்த் தங்கும். எஸ்டேட் வழியில் ஓடுகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், ஐப்பசி மழையில் ஈரச் செம்மண்ணாக உள்ளே போய், இன்ஜின் சூட்டில் செங்கல் மாதிரி காய்ந்து பிளக்கைச் சுற்றி இறுகிக்கிடக்கும். கேப் மூடியிருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. பிளக்கைத் திருகி எடுத்த அந்த நொடியில் குழியில் இருந்த மண் நேராகப் பிஸ்டன் தலையில் விழும்.

நான் அப்படித்தான் எடுத்தேன். கோடநாடு பக்கம் போய்வந்த மறுநாள். சத்தம்கூடக் கேட்கவில்லை. பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெருமையாக மாட்டி, கிக்கரை உதைத்தேன். கொஞ்ச நாளில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது குஞ்சப்பனை தாண்டியதும் பின்னால் நீலப் புகை. பங்க்கில் பெட்ரோல் சரியில்லை என்று ஊரெல்லாம் திட்டிக்கொண்டு திரிந்தேன், ஆயிலை மாற்றினேன், புகை நிற்கவில்லை. கடைசியில் மெக்கானிக் சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி, என் விரலைப் பிடித்து போருக்குள், அதாவது பிஸ்டன் ஓடும் துளைக்குள், வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். நகம் குறுக்கே போகும்போது கோட்டில் மாட்டியது. நிமிஷத்துக்கு 5000 சுற்று சுற்றும் இன்ஜினில் பிஸ்டனும் 5000 தடவை ஏறி இறங்கும்; பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் மண் இருந்தால் அது உப்புத்தாள்தான். என் வண்டியில் போர் போட்டு, அதாவது அந்தத் துளையைக் கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்ட முடிந்தது. பூச்சுப் பூசிய அலுமினிய போர் உள்ள வண்டியாக இருந்திருந்தால் பிளாக்கையே மாற்றவேண்டி வந்திருக்கும். பத்து நிமிஷச் சோம்பலுக்கு இவ்வளவு. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

செய்யவேண்டியது பெரிய வேலை இல்லை. இன்ஜின் நன்றாக ஆறட்டும். கேப்பை எடுத்துவிட்டுப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் குழியைக் கிளறுங்கள், சைக்கிள் பம்ப் முனையில் ஒரு மெல்லிய டியூபைச் செருகிக் காற்று அடியுங்கள், மண் தெறிக்கும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பிளக்கை ஒரே ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, மறுபடியும் காற்று, ஏனென்றால் வாஷர் ஓரத்தில் ஒளிந்திருக்கும் மண் அப்போதுதான் விடும். அதற்கப்புறம் கழற்றி, உடனே ஓட்டையில் உள்ளே நழுவாத அளவுக்குப் பெரிய துணியைச் செருகுங்கள். அந்தத் தம்பி வண்டியில் அன்றைக்கு வந்தது ஒரு டீஸ்பூன் செம்மண்ணும் சில்வர் ஓக் இலைத் துணுக்கும்.

குழியின் பக்கவாட்டில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருந்தால், அதைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். அது அடைத்துப்போனால் மழையில் குழியில் தண்ணீர் தேங்கி வண்டி மிஸ் அடிக்கும்.

மண் உள்ளே விழுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் செல்ஃபும் வேண்டாம், கிக்கரும் வேண்டாம். வேக்குவம் கிளீனர் குழாயில் மெல்லிய டியூபைக் கட்டி உறிஞ்சி எடுக்கப் பாருங்கள்.

திரும்ப மாட்டும்போது முதலில் கையால்தான். ஹெட் அலுமினியம், மரை தப்பி ஏறினால் அது தனிச் செலவு. கைக்கு இறுகியதும் புது பிளக் என்றால் சுமார் அரைச் சுற்று. பழையது என்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், அதைவிடக் குறைவாகப் போதும்.

முன் ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் ஸ்க்ரூடிரைவர்

ஸ்ப்ராக்கெட் என்பது செயின் ஓடும் பல்சக்கரம். செயின் ஆயிலும் மண்ணும் சேர்ந்து அதன் மூடிக்குள் கறுப்பு அல்வா கிண்டி வைத்திருக்கும். கிளறி எடுக்க ஆசையாகத்தான் இருக்கும். பல வண்டிகளில் நியூட்ரல் ஸ்விட்ச் வயர் அந்த வழியாகத்தான் போகிறது, ஷாஃப்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் சீலும் இருக்கிறது; ஸ்க்ரூடிரைவர் பட்டால் இரண்டும் கெடும். மரக்குச்சி, மண்ணெண்ணெயில் நனைத்த டூத் பிரஷ், பொறுமை.

ஃபின்களுக்கு இரும்பு பிரஷ்

மலையேற்றத்தில் இரண்டாவது கியரில் திணறும்போது காற்றும் குறைவு, சூடும் அதிகம். சூட்டை வெளியேற்ற இன்ஜினைச் சுற்றி இருக்கும் தகடுகளான ஃபின்களின் நடுவே மண் அடைத்திருந்தால் சூடு எங்கே போகும்? அதனால் சுத்தம் செய்யத்தான் வேண்டும், ஆனால் இரும்பு பிரஷ் பெயின்ட்டை உரித்துவிடும். குழந்தைகளின் பால் பாட்டில் கழுவும் பிரஷ் கச்சிதமாக உள்ளே போகும். வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.

வாட்டர் சர்வீஸ் கன்

பிளக், ஏர் ஃபில்டர், வயர் சாக்கெட் பக்கம் காட்டாதீர்கள்.

பெட்ரோலில் கழுவுவது

வேண்டாம்.