வயதானவர்களுக்கு விரல் நகம் உடையாமல் இருக்க

விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். வயது ஏறினால் அந்த வேகம் குறையும். பிளந்த நுனி மறுபடி ஒட்டாது, வளர்ந்து வெட்டுப்பட வேண்டும். ஆகவே ஆறு மாதமாவது பொறுமை தேவை.

நுனி அடுக்கடுக்காக உரிவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். நனைந்தால் நகம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பாத்திரம், துணி என்று நாள் முழுக்க இப்படியே நடந்தால் அடுக்குகளின் பிடிப்பு விட்டுப்போகும். கால்சியம் மாத்திரை வாங்கும் முன் இதைச் சரிசெய்யுங்கள்.

1. குளித்தவுடன், நகம் மெத்தென்று இருக்கும்போதே வெட்டுங்கள். குளித்து நேரமாகிவிட்டால் வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் ஊறவையுங்கள். நடுவில் ஒரே அழுத்தாக அழுத்தினால் நகம் விரிசல் விடும். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, 1 மில்லிமீட்டர் வெள்ளை விளிம்பு விடுங்கள்.

2. நன்றாகக் காய்ந்தபின் அரம் போடுங்கள். ஈர நகத்தில் போட்டால் விளிம்பு பிசிறும். இரும்பு அரம் வேண்டாம், நைசான உப்புத்தாள் பட்டை போதும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில் இழுங்கள்.

3. இரவில் கை கழுவி, ஒற்றித் துடைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு நகத்துக்கும் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் அல்லது துளி வாசலின் தேயுங்கள். எண்ணெய் ஈரத்தைத் தராது, இருக்கும் ஈரத்தைப் பூட்டும். காய்ந்த நகத்தில் பூசினால் பாதிப் பலன்தான்.

4. பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை, அதற்குள் மெல்லிய பருத்திக் கையுறை. ரப்பர் மட்டும் போட்டால் வியர்வையிலேயே நகம் ஊறும்.

நகம் முளைக்கும் இடத்தில், அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை வெட்டவே கூடாது. கிருமி நுழையாமல் தடுப்பது அதுதான். போனால் நகச்சுற்று வரலாம். நெடுக்குவாட்டில் தெரியும் கோடுகள் வயதின் இயல்பு. அவற்றைத் தேய்த்துச் சமன் செய்தால் நகம்தான் மெலியும்.

நகத்துக்காகப் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தைராய்டு, மாரடைப்புக்கான டிரோபோனின் ஆகிய பரிசோதனைகளின் முடிவை அது மாற்றிக் காட்டக்கூடும்.

ஒரே நகத்தில் புதிதாகக் கருங்கோடு தோன்றி அகலமானால் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். நகம் கரண்டிபோல் குழிந்தால் இரும்புச்சத்தைச் சோதிக்க வேண்டும். மஞ்சளாகத் தடித்தால் பூஞ்சையாக இருக்கலாம்; நகத் துணுக்கைச் சோதித்தபின்தான் மாத்திரை. நகப்பூச்சை அழித்துவிட்டே போங்கள், அது இருந்தால் மருத்துவருக்கு நிறம் தெரியாது.