ப்ரிசீட் கோப்பு எழுதியும் டெபியன் இன்ஸ்டாலர் கேள்வி கேட்கிறதா?

ரிச்சி தெருவில் வாங்கிய பழைய டெஸ்க்டாப்புகளை வரிசையாக வைத்து லேப் அமைப்பவர்களுக்கு, டெபியன் லினக்ஸைத் தானாக நிறுவ உதவும் ப்ரிசீட் பெரிய உதவி. பதில்களையெல்லாம் முன்பே ஒரு கோப்பில் எழுதிவிட்டால் ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து என்டர் தட்ட வேண்டியதில்லை. ஆனால் சில சமயம் இன்ஸ்டாலர் முதல் திரையிலேயே மொழி எது என்று கேட்டு நின்றுவிடும், கோப்பைத் திறந்தால் மொழிக்கான வரி சரியாகவே இருக்கும். அந்த வரியை மாற்றி மாற்றி எழுதிப் பார்க்காதீர்கள். அந்தக் கேள்வி வரும் நேரத்தில் கோப்பு இன்ஸ்டாலர் கைக்கே வந்திருக்காது, பெரும்பாலும் அதுதான் காரணம்.

கோப்பை மூன்று வழியில் கொடுக்கலாம். இனிட்ஆர்டிக்குள் (பூட் ஆகும்போது முதலில் மெமரிக்கு வரும் சின்ன ஃபைல் சிஸ்டம்) வைத்தால் முதல் கேள்விக்கு முன்பே படிக்கப்படும். சிடியிலோ பென் டிரைவிலோ வைத்தால் அது மவுண்ட் ஆன, அதாவது இன்ஸ்டாலர் அதைத் திறந்த பிறகு. நெட்வொர்க்கில் வைத்தால் நெட்வொர்க் அமைந்த பிறகுதான், அதற்குள் மொழி, நாடு, கீபோர்டு எல்லாம் கேட்டு முடிந்துவிடும். இதைத் தவிர்க்க, இன்ஸ்டாலர் தொடங்கும் முன் ஆப்ஷன்கள் தட்டும் பூட் வரியில் ஆட்டோ=ட்ரூ, ப்ரயாரிட்டி=க்ரிட்டிக்கல், பிறகு யூஆர்எல்= என்று கோப்பின் முகவரி, இந்த மூன்றையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். முதலாவது, மொழி, கீபோர்டு கேள்விகளைக் கோப்பு வந்து சேரும்வரை தள்ளிப்போடும். இரண்டாவது, மிக அவசியமான கேள்விகளை மட்டும் கேட்கும், மற்றதற்கு டீஃபால்ட்டை எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது: கேள்வியின் பெயரில் ஒரு எழுத்து தப்பினாலும் எதுவும் சொல்லாமல் டீஃபால்ட்டோடு போய்விடும். அதனால் முதல் தடவை சோதிக்கும்போது க்ரிட்டிக்கல் போடாமல் ஓட்டுங்கள், எந்தப் பதில் விட்டுப்போயிருக்கிறது என்று திரையே காட்டிவிடும்.

ஹோஸ்ட்நேம், அதாவது நெட்வொர்க்கில் மெஷினின் பெயர், தனித் தொல்லை. கோப்பு நெட்வொர்க் வழியாக வந்தால் நெட்வொர்க் அமைப்பு அதற்கு முன்பே முடிந்திருக்கும். போதாததற்கு, மெஷினுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வர் ஒரு பெயரும் கொடுத்தால், கோப்பில் நெட்சிஎஃப்ஜி/கெட்_ஹோஸ்ட்நேம் வரியில் நீங்கள் எழுதியதை அது மிஞ்சிவிடும். கட்டாயம் உங்கள் பெயர்தான் வேண்டும் என்றால் நெட்சிஎஃப்ஜி/ஹோஸ்ட்நேம் என்ற ஆப்ஷனைப் பூட் வரியிலேயே கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஸ்பேஸ். ஒவ்வொரு வரியிலும் உரிமையாளர், கேள்வி, வகை, மதிப்பு என்று நான்கு பகுதி. வகைக்கும் மதிப்புக்கும் நடுவில் ஒரே ஒரு ஸ்பேஸ் அல்லது ஒரு டேப் மட்டும், கூடுதலாக விட்டால் அது மதிப்போடு ஒட்டிக்கொள்ளும். அழகாக வரிசைப்படுத்துகிறேன் என்று இந்த இடத்தில் இழுத்து விடாதீர்கள். டெப்கான்ஃப்-செட்-செலக்ஷன்ஸ் கட்டளையை -சி ஆப்ஷனோடு ஓட்டினால் வடிவப் பிழைகளை முன்கூட்டியே சொல்லிவிடும்.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க்குகளில் பழைய எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் பிரிப்பு முறை) கிடக்கலாம். பார்ட்மேன்-எல்விஎம்/டிவைஸ்_ரிமூவ்_எல்விஎம், பார்ட்மேன்/கன்ஃபர்ம், பார்ட்மேன்/கன்ஃபர்ம்_நோஓவர்ரைட் மூன்றுக்கும் ட்ரூ கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், ஒன்று விட்டாலும் நடுவில் நின்றுவிடும். டிஸ்க் பெயரையும் சரிபார்க்க வேண்டும். முதல் டிஸ்க் என்று நினைத்து எஸ்டிஏ என்று எழுதியிருப்பீர்கள், சில மெஷினில் அந்தப் பெயர் உங்கள் பென் டிரைவுக்குப் போயிருக்கும், என்விஎம்இ டிஸ்க்குக்கோ பெயரே வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் கேட்கிறதா? கோப்பு போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். பைதானில் இருக்கும் சின்ன எச்டிடிபி சர்வரிலிருந்து கோப்பைக் கொடுத்தால், இன்ஸ்டாலர் அதை எடுத்தவுடன் உங்கள் டெர்மினலில் ஒரு வரி விழும். வரியே விழவில்லை என்றால் கோப்புக்குள் எதையும் தேடாதீர்கள், யூஆர்எல்லையும் கேபிளையும் பாருங்கள். விழுந்திருந்தால், காரணத்தை அந்த மெஷினிலேயே தேடுங்கள்: டெக்ஸ்ட் இன்ஸ்டாலரில் ஆல்ட்+எஃப்4 லாகைக் (நடந்ததன் பதிவு) காட்டும், ஆல்ட்+எஃப்2 கட்டளை தட்ட ஷெல்லைக் கொடுக்கும்.

உபுண்டு சர்வர் 20.04 முதல் லைவ் இன்ஸ்டாலர் ப்ரிசீட்டைப் படிப்பதே இல்லை, அதற்கு ஆட்டோஇன்ஸ்டால் என்ற வேறு வகைக் கோப்பு வேண்டும். அதை நெட்வொர்க்கிலிருந்து எடுக்கச் சொல்லும் பூட் வரியில் ஒரு அரைப்புள்ளி வரும். பூட் மெனுவைக் காட்டும் க்ரப் அதைக் கட்டளையின் முடிவாக எடுத்துக்கொள்ளும் என்பதால், அந்தப் பகுதியை மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.