பின்யோன் பைன் மஞ்சளடித்தபோது

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சாண்டா ஃபேயில் எங்கள் வீட்டு முற்றம் முழுக்கச் சரளைக்கல். அதற்குத் தோதானது இம்மாநிலத்தின் மாநில மரமான பின்யோன் பைன்தான். நட்டுக் கொடுத்தவர் குழியில் மக்கு உரத்தைக் கொட்டி, சொட்டுநீர்க் குழாயைத் தண்டோடு ஒட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஊசியிலைகள் மஞ்சளடித்தன. தோண்டிப் பார்த்தால், தண்டும் வேரும் சேருமிடமான வேர்க்கழுத்து நான்கு விரல் ஆழத்தில் சேற்றில் ஊறிக்கொண்டிருந்தது.

மண்ணை விலக்கி, வேர்க்கழுத்தை வெளியே தெரியவிட்டேன். தண்டைச் சுற்றி வளைத்திருந்த வேர்களை வெட்டினேன். மக்கை அள்ளிவிட்டு, பழைய கல்மண்ணையே நிரப்பினேன். குழாயைத் தண்டிலிருந்து விலக்கி, கிளை விளிம்புக்கு நேர்கீழே தள்ளியாயிற்று. மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். அதற்காக ஒரேயடியாக வாடவிடக் கூடாது: 2002-03 வறட்சியில் வாடிய பின்யோன்களைப் பட்டை வண்டுகள் கூட்டம் கூட்டமாகக் கொன்றன.

அடுத்த வசந்தத்தில் நுனியில் புதுத்துளிர் வந்தது. இதன் பைன் கொட்டையைத் தின்ன எப்படியும் 25 வருஷமாவது ஆகும், சரி.