காலிப் பெட்டியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. என் அக்கா மகன் கேட்டான்: "மாமா, எங்கள் கார் தொழிற்சாலையில் ஏஜிவி, அதாவது ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் சரக்கு வண்டி, ஓட விடப்போகிறார்கள். என்னைத் திட்டம் போடச் சொல்லிவிட்டார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?" சாப்பிட்டு முடித்த இலையைக் காட்டினேன். "இதை யார் எடுப்பார்கள், எப்போது எடுப்பார்கள், எங்கே கொண்டுபோவார்கள்? அங்கிருந்து ஆரம்பி."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கேஎல் சென்ட்ரலிலிருந்து தினமும் கொமுட்டர் ரயில் ஏறி, ராவாங் பக்கம் பல வருடம் கார் பாகங்களோடு மல்லுக்கட்டியவன் நான். என் முதல் ஏஜிவி திட்டத்தில் பாகம் நிறைந்த பெட்டி, கார் பூட்டும் லைனுக்குப் போக அழகாகப் பாதை போட்டேன். காலிப் பெட்டி திரும்பி வர இடமே ஒதுக்கவில்லை. லைனில் நிற்பவர் என்ன செய்வார்? கைக்கு எட்டிய இடத்தில், அதாவது வண்டிப் பாதையிலேயே அடுக்கினார். வண்டி தடையைப் பார்த்து நின்றது, பின்னால் வந்ததும் நின்றது, கடைசியில் லைனும் நின்றது. தவறு என்னுடையதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் டாக்ட் நேரம், அதாவது எத்தனை நிமிடத்துக்கு ஒரு கார் லைனை விட்டு வெளியே வர வேண்டும் என்பது. ஷிப்டில் இடைவேளை போக 450 நிமிடம், இறக்க வேண்டியது 150 கார் என்றால் 3 நிமிடத்துக்கு ஒரு கார். வெள்ளிக்கிழமைக்குத் தனியாகக் கணக்கு போடுங்கள். ஜும்மா தொழுகைக்கு இடைவேளை நீளும். அந்த நேரத்தை வீணாக்காமல் வண்டிகளை சார்ஜில் போட்டுவிடலாம். வண்டி விற்க வருபவர்களின் கணக்கில் இதெல்லாம் இருக்காது.

அடுத்தது வண்டி எத்தனை என்பது. ஒரு சுற்று 600 மீட்டர், வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்றால் ஓட்டத்துக்கு 10 நிமிடம். ஆறு நிறுத்தம், ஒவ்வொன்றிலும் ஒன்றரை நிமிடம், ஆக 9. கிடங்கில் ஏற்றி இறக்க 5. மொத்தம் 24. சந்திப்புகளில் காத்திருக்க 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 28 நிமிடம். மணிக்கு 5 பயணம் வேண்டும் என்றால் 140 நிமிட வேலை, அதாவது 2.3 வண்டி. சார்ஜ், பழுது எல்லாம் போக 85 சதவீத நேரம்தான் வண்டி கையில் இருக்கும் என்று வைத்தால் 2.7. ஆக மூன்று வண்டி. "இரண்டே போதும் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நம்பாதீர்கள்.

இதே கணக்குதான் பெட்டியில் எத்தனை பாகம் என்பதையும் சொல்லும். மணிக்கு 5 பயணம் என்பதால் காலிப் பெட்டியை எடுக்க வண்டி வர அதிகபட்சம் 12 நிமிடம், நிறைந்த பெட்டியோடு திரும்ப 28. இந்த 40 நிமிடத்தில் 14 கார் போய்விடும். ஒரு காருக்கு ஒரு பாகம் என்றால், முதல் பெட்டி காலியானதும் எடுக்கத் தொடங்கும், பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பெட்டியில் குறைந்தது 14 வேண்டும். நான் 18 வைப்பேன்.

நம் ஊரில் இன்னொரு தலைவலி உண்டு. சிகேடி பாகங்கள், அதாவது இங்கே பூட்டுவதற்காகத் தனித்தனியாகப் பிரித்து அனுப்பும் கார் பாகங்கள், கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னரில் இறங்கும்போது பெரிய பெரிய பெட்டியாக, லாட் கணக்கில் வரும். அதைப் பிரித்து, சின்னப் பெட்டிக்கு மாற்றி, அட்டையையும் இரும்புச் சட்டத்தையும் அப்புறப்படுத்துவது கையால் செய்யும் வேலை. அதை ஒழுங்குபடுத்தாமல் வண்டி வாங்கினால், தாமதத்தைத்தான் தானியங்கியாக்குவீர்கள். லாரி இறக்கும் டாக்கை முதலில் எட்டு மணி நேரம் நின்று பாருங்கள். சாயங்கால மழையில் ஈரச் சக்கரத்தோடு ஃபோர்க்லிஃப்ட் உள்ளே வரும் பாதையும், ஏஜிவி பாதையும் குறுக்கே வெட்டக்கூடாது. வேறு வழியில்லாமல் வெட்டினால், அந்த ஒரு இடத்துக்காவது சிக்னல் வையுங்கள்.

தரையில் ஒட்டிய காந்தப் பட்டையைப் பிடித்து ஓடும் வண்டியா, பட்டை இல்லாமல் தானே வழி கண்டுபிடிக்கும் ஏஎம்ஆரா என்று எல்லோரும் சண்டை போடுவார்கள். தடையைச் சுற்றிப் போகும் என்பதுதான் ஏஎம்ஆருக்குப் பெருமை. லைன் ஓரத்தில் சுற்றிப் போக இடம் ஏது? மாடல் மாறும்போது பாதையை மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காக வாங்கினால் சரி. பட்டை மலிவு, ஆனால் பேலட் இழுபட்டால் கிழியும். எதை வாங்கினாலும் விடிஏ 5050 இடைமுகம் (வண்டியும் கட்டுப்பாட்டு மென்பொருளும் பேசிக்கொள்ளும் பொது மொழி) இருக்கிறதா என்று கேளுங்கள். நாளைக்கு வேறு கம்பெனி வண்டி வாங்கினாலும் ஒரே கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓட்ட அது கைகொடுக்கும். பாதுகாப்புக்கு, ஓட்டுநர் இல்லாத வண்டிகளுக்கான ஐஎஸ்ஓ 3691-4 தரநிலையைப் படிக்க வேண்டும். வண்டிக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நசுங்காமல் நிற்க அரை மீட்டர் இடைவெளி என்பது அதில் இருக்கிறது. பழைய தொழிற்சாலைகளில் இந்த அரை மீட்டருக்காகவே பாதி அலமாரிகளை நகர்த்த வேண்டிவரும்.

பணம் கட்டும் முன், தரையில் சாக்பீஸால் பாதை வரைந்து, இரண்டு வாரம் ஆட்களை வைத்து அதே அட்டவணையில், நடை வேகத்தில் டிராலி இழுக்க விடுங்கள். நின்ற ஒவ்வொரு தடவையும் எங்கே, எதனால் என்று எழுதுங்கள். மேலதிகாரி சலித்துக்கொள்வார், பரவாயில்லை.

அக்கா மகன் இப்போது மூன்றாம் நாளில் இருக்கிறான். நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பினான். சாக்பீஸ் கோட்டின் மேலேயே யாரோ நிறுத்திவிட்டுப் போன இரும்புக் கூண்டு. உள்ளே பன்னிரண்டு காலிப் பெட்டி.