காய்ச்சல் போய்விட்டது, ராத்தூக்கம் மட்டும் இன்னும் திரும்பவில்லையா?

சளி, காய்ச்சல் எல்லாம் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது, பகலில் குழந்தை பழையபடி ஆட்டம் போடுகிறது, ராத்திரி மட்டும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து அழுகிறது. தோளில் போட்டால் உடனே தூங்குகிறது, தொட்டிலில் முதுகு பட்டதும் கண்ணைத் திறந்துவிடுகிறது. இத்தனைக்கும் உடம்புக்கு வருவதற்கு முன்னால் விடியும்வரை தூங்கிய குழந்தை. இப்படி மாட்டிக்கொண்டு விழிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 6 மாதம் தாண்டிய குழந்தைகளை மனதில் வைத்துச் சொல்கிறேன். அதைவிடச் சின்னக் குழந்தை என்றால் இதில் பாதிக்கு மேல் பொருந்தாது, அந்த வயதில் ராத்திரி பசித்து எழுவது இயல்பு, கேட்டால் பால் கொடுங்கள், அவ்வளவுதான்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் அது புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். குழந்தையின் தூக்கம் ஒரே நீட்டாக ஓடுவதில்லை. ஏறக்குறைய 50, 60 நிமிடத்துக்கு ஒரு சுற்று முடிந்து, தூக்கம் லேசாகி, பாதி விழிப்பு வந்து, மறுபடி அடுத்த சுற்றுக்குள் போகும். பெரியவர்களுக்கும் இதே கதைதான், நமக்குச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம், நடுவில் புரண்டு படுத்துவிட்டுக் காலையில் மறந்துவிடுகிறோம். அதனால் விடியும்வரை தூங்குகிற குழந்தை என்று நாம் சொல்கிற குழந்தையும் ராத்திரியில் பலமுறை விழிக்கத்தான் செய்யும், நம்மைக் கூப்பிடாமல் தானாகவே திரும்பத் தூங்கிவிடும், வித்தியாசம் அது ஒன்றுதான். உடம்பு சரியில்லாத நாட்களில் அந்த ஒவ்வொரு விழிப்புக்கும் ஒரு தோளோ மடியோ பாலோ கூடவே வந்தது. வரத்தான் வேண்டும், மூக்கடைத்து மூச்சுத் திணறுகிற குழந்தையைத் தூக்காமல் யார் இருப்பார்கள். ஆனால் நாலைந்து ராத்திரி போதும், தூங்குவதற்கு இதெல்லாம் வேண்டும் என்று குழந்தை முடிவு கட்டிவிடும். தோளில் கண் மூடிய குழந்தை தொட்டிலில் கண் விழித்தால், நான் தூங்கின இடம் இது இல்லையே என்றுதான் அழும். ஆக, நோயின்போது நாம் புதிதாகச் சேர்த்ததை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுப்பதுதான் மொத்த வேலையும். ஏற்கெனவே தெரிந்த ஒன்றுக்குக் குழந்தை திரும்பப் போகிறது, அதனால் பொதுவாக முதல்முறை பழக்கியதைவிட இது சீக்கிரம் முடியும்.

உடம்பு நிஜமாகவே சரியாகிவிட்டதா?

இதை உறுதி செய்யாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள். மருந்து எதுவும் கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். மருந்தால் அடங்கியிருக்கிற காய்ச்சல் கணக்கில் சேராது. பால், சாப்பாடு ஓரளவு பழைய அளவுக்கு வந்திருக்க வேண்டும், டயப்பர் வழக்கம்போல நனைய வேண்டும், மூச்சு சீராக இருக்க வேண்டும், பகலில் முகத்தில் பழைய தெளிவு இருக்க வேண்டும்.

காதை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். சளிக்குப் பின்னால் காதில் தொற்று வருவது குழந்தைகளுக்குச் சகஜம். தூக்கி வைத்திருக்கும்போது சமாளித்துக்கொண்டிருக்கும் குழந்தை படுக்கவைத்ததும் வீறிட்டு அழுதால், பால் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு அழுதுகொண்டே விலகினால், காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால், காதிலிருந்து நீர் வடிந்தால், அது பழக்கமாக இருக்காது, வலியாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் குழந்தை தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தாமல் சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள். இருமல் மட்டும் விதிவிலக்கு: சாதாரண சளிக்குப் பிறகு இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும், மற்றதெல்லாம் சரியாக இருந்து, இருமலே குழந்தையை எழுப்பாத பட்சத்தில் அது முழுசாக நிற்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அப்புறம் ஒன்று, 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் அடித்தால் தூக்கத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பகலில் சரிசெய்ய வேண்டியவை

நோய் நாட்களில் குழந்தை நேரம் காலம் இல்லாமல் தூங்கியிருக்கும், அது தேவையும்கூட. இப்போது அதை முடித்துக்கொள்ளலாம். 4 மாதம் முதல் ஒரு வயது வரை பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம், ஒன்று முதல் இரண்டு வயது வரை 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பகலிலேயே ஐந்தாறு மணி நேரம் தூங்கிவிட்டால் ராத்திரிக்கு என்ன மிச்சம் இருக்கும்? அதற்காகப் பகல் தூக்கத்தையே வெட்டி, நன்றாகக் களைத்தால் ராத்திரி அசந்து தூங்கும் என்று கணக்குப் போடாதீர்கள், அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை தூங்கவே தகராறு செய்யும், தூங்கினாலும் அடிக்கடி எழும். நோய்க்கு முன்னால் எத்தனை பகல் தூக்கம் இருந்ததோ அத்தனைக்கே திரும்புங்கள், சாயங்காலம் நேரம் கழித்து வருகிற குட்டித் தூக்கத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுப்பி, திரைச்சீலையை விலக்கி வெளிச்சம் படவிடுங்கள். படுக்கப்போகும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலைப்படுத்துவது நம் கையில் இருக்கிறது.

பாலையும் சாப்பாட்டையும் பகலுக்கு நகர்த்துங்கள். உடம்பு தேறும்போது உண்மையாகவே பசி கூடும், குறிப்பாக வாந்தி, வயிற்றுப்போக்குக்குப் பிறகு. அந்த முதல் சில நாட்களில் ராத்திரி ஒரு தடவை பாலுக்கு எழுந்தால் கொடுத்துவிடுங்கள். பகலில் வயிறு நிறைய ஆரம்பித்த பிறகும் ராத்திரியில் நாலு தடவை கேட்டால், அல்லது நாலு வாய் குடித்துவிட்டு மார்பிலேயே தூங்கிப்போனால், அங்கே பசியைவிடப் பழக்கம்தான் அதிகம்.

நடுராத்திரியில் ஆரம்பிக்காதீர்கள்

பெரும்பாலானவர்கள் இரண்டு மணிக்கு எழுந்து, கண் எரிய, இன்று தூக்கப்போவதில்லை என்று தீர்மானம் போடுகிறார்கள், இரண்டரைக்கு அது காற்றில் போய்விடும். ஆரம்பிக்க வேண்டிய இடம் ராத்திரியின் முதல் தூக்கம். அப்போது தூக்கக் களைப்பு உச்சத்தில் இருக்கும், உங்களுக்கும் பொறுமை இருக்கும். குளியலோ உடம்பு துடைப்பதோ, உடை மாற்றுவது, பால், ஒரு பாட்டு, விளக்கை அணைப்பது என்று நோய்க்கு முன்னால் என்ன வரிசை இருந்ததோ அதையே அப்படியே கொண்டுவாருங்கள், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். பாலைக் கடைசியில் வைக்காமல் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள், பால் குடித்துக்கொண்டே தூங்கிவிடக் கூடாது. மூக்கில் இன்னும் சளி இருந்தால் பாலுக்கு முன்பே சலைன் (உப்புநீர்) சொட்டு விட்டுச் சுத்தம் செய்துவிடுங்கள். குழந்தையைத் தொட்டிலில் விடும்போது கண் சொருகியிருக்கலாம், ஆனால் முழுசாகத் தூங்கியிருக்கக் கூடாது. தான் எங்கே படுத்திருக்கிறோம் என்று அதற்குத் தெரிய வேண்டும்.

அழும். அழாமல் இருந்தால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். இங்கே இரண்டு வழி இருக்கிறது. தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கை வைத்துத் தட்டிக்கொடுத்து, தூங்கும்வரை கூடவே இருப்பது ஒன்று. இரண்டு மூன்று ராத்திரிக்கு ஒரு தடவை நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்துவீர்கள், தட்டுவதையும் குறைப்பீர்கள். இன்னொன்று, வெளியே வந்துவிட்டு இடைவெளி விட்டுப் போய்ப் பார்ப்பது: முதலில் 2, 3 நிமிடம், அப்புறம் 5, அப்புறம் 8 அல்லது 10. உள்ளே போனால் ஒரு நிமிடத்துக்குள் நான் இருக்கிறேன், தூங்கு என்று சொல்லி முதுகையோ வயிற்றையோ தடவிவிட்டு வந்துவிடுவது. நோய்க்குப் பிறகு என்றால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன், நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே இருந்த குழந்தையைத் திடீரென்று தனியாக விடுவதற்கு இது மெதுவான இறக்கம். ஆனால் சில குழந்தைகளுக்கு நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டே தூக்காமல் இருப்பதுதான் பெரிய கோபம், உங்களைப் பார்க்கப் பார்க்க அழுகை ஏறும். அவர்களுக்கு இரண்டாவது வழி. எதை எடுத்தாலும் குறைந்தது ஒரு வாரம் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அழவிட்டால் மனதில் காயம் தங்கிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் அதிகம். ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட தூக்கப் பழக்கம் கொடுக்கப்பட்ட குழந்தைகளையும் கொடுக்கப்படாதவர்களையும் 6 வயதுவரை பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது, மனநலத்திலோ நடத்தையிலோ பெற்றோரோடு உள்ள நெருக்கத்திலோ இரு பக்கமும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஆய்வில் இருந்தவையும் மேலே சொன்ன இந்த இரண்டு மாதிரிதான், கதவைச் சாத்திவிட்டு விடியும்வரை திரும்பிப் பார்க்காமல் இருப்பது அதில் இல்லை.

நடுராத்திரி எழுந்தால் முதலில் அசையாமல் கேளுங்கள். அரைத்தூக்கத்தில் முனகுவது, கை காலை உதைப்பது, விட்டு விட்டுச் சிணுங்குவது எல்லாம் இரண்டு சுற்றுக்கு நடுவே நடப்பவைதான், சிணுங்கியதும் ஓடிப்போய்த் தூக்கினால் தானாகத் தூங்கவிருந்த குழந்தையை நாமே எழுப்பிவிட்ட கதை ஆகிவிடும். நிஜமாக அழுதால் முதல் தூக்கத்துக்கு என்ன செய்தீர்களோ அதே. விளக்குப் போடாதீர்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள், மலம் போயிருந்தால் அல்லது சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் ஒழிய டயப்பரைத் தொடாதீர்கள். விடியற்காலை நாலு, ஐந்து மணிதான் கஷ்டமானது. அதற்குள் குழந்தையின் தூக்கப் பசி பெரும்பாலும் தீர்ந்திருக்கும், தூக்கமும் லேசாக இருக்கும், அதனால் அந்த நேரம் கடைசியாகத்தான் சரியாகும். அதை வைத்து முறையே தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது அல்லது மூன்றாவது ராத்திரி முதல் ராத்திரியைவிட மோசமாக இருக்கலாம், இதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 40 நிமிடம் தாக்குப்பிடித்துவிட்டுத் தூக்கித் தோளில் போட்டால், 40 நிமிடம் அழுதால் தோள் கிடைக்கும் என்பதைத்தான் குழந்தை கற்றுக்கொள்ளும். தூக்குவதானால் 2ஆவது நிமிடத்திலேயே தூக்கிவிடுங்கள், அது பரவாயில்லை. வீட்டில் இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் யார் எந்த நேரத்துக்குப் போவது, என்ன செய்வது என்று பகலிலேயே பேசி முடித்துவிடுங்கள், ராத்திரி மூன்று மணிக்கு நடக்கிற விவாதத்தில் யாரும் ஜெயித்ததில்லை.

ராத்திரிப் பாலைக் குறைப்பது

எடை சரியாக ஏறுகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் இதற்கு வாருங்கள். புட்டிப்பால் என்றால் இரண்டு ராத்திரிக்கு ஒரு தடவை 20, 30 மில்லி குறைத்துக்கொண்டே வாருங்கள், 50, 60 மில்லிக்கு வந்ததும் நிறுத்திவிடலாம். பவுடர் பாலில் தண்ணீரைக் கூட்டி நீர்க்கவைத்துக் கொடுப்பது வேண்டவே வேண்டாம், அது ஆபத்து. புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிடுவதும் கூடாது. தாய்ப்பால் என்றால் ஒவ்வொரு தடவையும் குடிக்கும் நேரத்தை இரண்டு ராத்திரிக்கு ஒரு தடவை 2 நிமிடம் போலக் குறைக்கலாம். இதில் அவசரம் காட்டினால் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், அம்மாவுக்குக் காய்ச்சலும் வரலாம். ராத்திரிப் பாலை முழுசாக நிறுத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, நோய்க்கு முன்னால் ஒரு தடவை குடித்துக்கொண்டிருந்தது என்றால் அந்த ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைக் குறைத்துவிடுங்கள்.

தூக்கத்துக்காகச் செய்யக்கூடாதவை

சளி மருந்து கொடுத்தால் மயக்கமாகத் தூங்கும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கடையில் கிடைக்கும் இருமல், சளி மருந்துகளை டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் காய்ச்சலுக்கும் வலிக்கும் உள்ளது, தூக்கத்துக்கு அல்ல. இருமலுக்குத் தேன் கொடுப்பது ஒரு வயதுக்குள் கூடாது. சளி இருக்கிறதே என்று தலைக்குத் தலையணை வைத்து உயர்த்திய வழக்கம் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒரு வயதுவரை மல்லாக்க, சமமான, அமுங்காத மெத்தையில், தலையணையோ தளர்வான போர்வையோ இல்லாமல்தான் படுக்கவைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, தூக்கம் கெட்ட களைப்பில் சோஃபாவில் குழந்தையை நெஞ்சில் போட்டபடி அசந்துவிடாதீர்கள், அது குழந்தைக்கு மூச்சு முட்டும் இடம். கண் இழுத்துக்கொண்டு போகிறது என்றால் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிடுங்கள், அழுதாலும் பரவாயில்லை.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் துளி மாற்றம் இல்லை என்றால் வேறு எதையாவது தேட வேண்டும். 8, 10 மாத வாக்கில் பிரிவுப் பயம் தலைதூக்கும், எழுந்து நிற்கப் பழகுகிற நாட்களில் நடுராத்திரி தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தைகளும் உண்டு, இவையெல்லாம் நோயோடு தற்செயலாகச் சேர்ந்து வந்திருக்கலாம், பகலில் கூடுதலாக விளையாட்டும் நெருக்கமும் கொடுத்தால் தணியும். தூக்கத்தில் குறட்டை, மூச்சு நின்று நின்று வருவது, எடை ஏறாமல் இருப்பது, திரும்பக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

நடுவில் மறுபடி சளி பிடித்தால்? பிடிக்கும், சின்னக் குழந்தைகளுக்கு வருடத்தில் பல தடவை பிடிக்கும். அப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் குழந்தை கேட்கிற ஆறுதலைக் கொடுங்கள். ஆனால் முடிந்தவரை அதன் அறையிலேயே, அதன் தொட்டில் பக்கத்திலேயே கொடுங்கள். குழந்தையை உங்கள் படுக்கைக்குத் தூக்கிவருவதற்குப் பதிலாக நீங்கள் ஒரு பாயைத் தொட்டில் பக்கத்தில் விரித்துப் படுங்கள். மூக்கைச் சுத்தம் செய்து, தண்ணீரோ பாலோ கொடுத்து, அடங்கியதும் திரும்பத் தொட்டிலில் விட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் தூக்கிக்கொள்ளுங்கள். மருந்தில்லாமல் காய்ச்சல் விட்டு ஒருநாள் ஆனதும் பாயைச் சுருட்டிவிடலாம்.