எஞ்சின் லைட்டும் மாஃப் சென்சரும்

கல்லடிப் பாலத்தில் ஏறும்போது கார் இழுக்காமல் திணறியது. எஞ்சின் லைட்டும் எரிந்தது. கராஜில் பெற்றோல் பம்பை மாற்றச் சொன்னார்கள்.

பழுதுக் கோட் வாசிக்கும் ஸ்கேனரைச் செருகினேன்: பி0171, அதாவது காற்றுக்கேற்ற பெற்றோல் இல்லை. பழுதுக் கோட்டை மட்டும் நம்பிச் சாமான் வாங்குவது வீண்செலவு, ஃபியூவல் ட்ரிம்மை, அதாவது காரின் கம்ப்யூட்டர் பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பார்க்கவேணும். ஐட்லிங்கில் (கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) ட்ரிம் கூடி, ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) ஏற்றக் குறைந்தால் பெரும்பாலும் காற்றுக் கசிவு. எனக்கோ 2500 ஆர்பிஎம்மிலும் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. பம்ப் பழுதும் இப்படிக் காட்டும்தான். ஆனால் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சர் அழுக்கானாலும் இப்படிக் காட்டும், அதைக் கழுவுவது மலிவு.

சுவிட்சை நிறுத்தி, சென்சரைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியில் விரல் படாமல் மாஃப் கிளீனர் அடித்தேன். காபரேட்டர் கிளீனர் வேண்டாம், சென்சர் கெட்டுவிடலாம். நன்றாகக் காய்ந்தபின் பூட்டி, ஸ்கேனரில் பழுதுக் கோட்டை அழித்து ஓட்டினேன். ட்ரிம் 5 சதவீதத்துக்குள் வந்தது. எயார் ஃபில்டரில் காத்தான்குடி ரோட்டுப் புழுதி முழுக்க இருந்தது, அதையும் மாற்றிவிட்டேன்.