கீழ்க் கோரப்பல்ல அளந்து ஆணா பொண்ணானு பாக்குறது எப்படி (முதல்தடவ கைவைக்கிறவங்களுக்கு)

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல பல் அச்சு செய்ற லேப்ல வேல பாக்குறேன், எஸ்டேட் பக்கத்துலேர்ந்து வர்ற தம்பி தங்கச்சிங்க சில பேரு ஃபொரென்சிக் (அடையாளம் தெரியாத எலும்பு பல்ல வச்சு செத்தது யாருனு கண்டுபுடிக்கிற மாதிரி படிப்பு) படிக்கணும்னு கேக்குறாங்க, அதான் வீட்லயே செஞ்சு பாக்குற மாதிரி எழுதுறேன்.

முதல்ல ஏன் பல்லுனு கேப்பீங்க. இடுப்பெலும்ப பாத்தா ஆணா பொண்ணானு நல்லா சொல்லலாம், ஆனா வயசுக்கு வந்தப்புறம்தான் அந்த வித்தியாசமே தெரியும், சின்னப் புள்ளைங்க எலும்புல ஒன்னும் புடிபடாது. கீழ்க் கோரப்பல்லோட தலப்பகுதி ஆறு ஏழு வயசுலயே ஈறுக்குள்ள முழுசா உருவாயிடும், அதுக்கப்புறம் பெருசாவாது. எனாமல் நம்ம ஒடம்புலயே கெட்டியான சாமான், நெருப்புல மத்ததெல்லாம் போனாலும் பல்லு ரொம்ப நேரம் தாங்கும். அதுலயும் கோரப்பல்லுக்கு வேர் நீளம், லேசுல விழாது, ஆம்பள பொம்பள வித்தியாசமும் இதுலதான் தூக்கலா தெரியும். ஆம்பளைங்க பல்லு பெருசா இருக்குறதுக்கு முக்கியக் காரணம் எனாமலுக்கு உள்ள இருக்குற டென்டின் தடிப்பு.

சரி, சாமான் எடுங்க. நுனி மெல்லிசான டிஜிட்டல் காலிப்பர் ஒன்னு, 0.01 மில்லிமீட்டர் வரைக்கும் காட்டணும். அப்புறம் கீழ்த்தாடையோட கல் அச்சு, க்ளிப் போட்ட புள்ளைங்க வீட்ல பழைய அச்சு சும்மா கெடக்கும் கேட்டு வாங்குங்க, ஆனா க்ளிப் போடறதுக்கு முன்ன எடுத்ததா பாருங்க லா, க்ளிப் போட்டு பல்ல நகத்திட்டா இடைவெளி மாறிடும். புதுசா அச்சு எடுக்குறவங்க அல்ஜினேட்ட (வாய்ல வச்சு பல்லு அச்சு எடுக்குற கலவை) ஏர்கோன் கீழ வச்சிட்டு தே தாரிக் குடிக்கப் போயிடாதீங்க, அது காஞ்சு சுருங்கும், ஒடனே ஸ்டோன் (கல் அச்சுக்கான மாவுக் கலவை) ஊத்திடணும்.

இப்ப அளவு. கோரப்பல்லு பக்கத்துப் பல்லுங்கள தொடுற எடம் ரெண்டு இருக்குல்ல, அங்கதான் பல்லு அகலம் அதிகம். காலிப்பர சாய்க்காம அந்த ரெண்டு எடத்துலயும் பொருத்தி எழுதிக்கோங்க. அடுத்தது எடப்பக்கக் கோரப்பல்லு கூர்லேர்ந்து வலப்பக்கக் கூர் வரைக்கும் நேர்க்கோட்டுல எவ்ளோ தூரம்னு எடுங்க. ஒவ்வொன்னயும் மூனு தடவ, முடிஞ்சா வேற வேற நாள்ல, முன்ன எழுதினத மூடி வச்சிட்டு அளந்து சராசரி போடுங்க. நான் ஆரம்பத்துல அழுத்திப் புடிச்சு அளந்தேன், ஒவ்வொரு தடவையும் அளவு கொறஞ்சிக்கிட்டே வருது, என்னடானு உத்துப் பாத்தா காலிப்பர் நுனி அச்ச சொரண்டிருக்கு, நுனியில வெள்ளையா மாவு ஒட்டிருக்கு!

கணக்கு சுளுவு. பல்லு அகலத்த கூருக்குக் கூர் தூரத்தால வகுங்க, அதுதான் கீழ்க் கோரப்பல் இண்டெக்ஸ். தென்னிந்தியாவுல 1989-ல வந்த ஆய்வுல எல்ல 0.274, அதுக்கு மேல ஆணு, இல்லனா பொண்ணு. எங்க வீட்ல போட்டுப் பாத்தேன். தங்கச்சிக்கு பல்லு அகலம் 6.62 மில்லிமீட்டர், தூரம் 25.40, வகுத்தா 0.261, பொண்ணு, சரி. அவ வீட்டுக்காரருக்கு 7.12, தூரம் 26.80, வகுத்தா 0.266. மச்சானும் பொண்ணாம்! மீச முறுக்கிக்கிட்டு பக்கத்துலயே நிக்கிறாரு, தங்கச்சி சிரிச்ச சிரிப்பு லைன் வீடு பூரா கேட்டிருக்கும்.

கணக்குல தப்பில்ல. மச்சான் பல்லு தங்கச்சி பல்ல விட 7.6 சதவீதம் பெருசு, ஆனா அவரு தாடையும் சேந்து அகலமாச்சே, வகுக்கும்போது ஒன்ன ஒன்னு தின்னுடுது, மிஞ்சுற வித்தியாசம் 2 சதவீதம்கூட இல்ல. பின்னாடி வந்த ஆய்வுங்களும் இதத்தான் சொல்லி இண்டெக்ஸ கொற சொல்லிருக்கு. அதனால என்னக் கேட்டா வெறும் அகலத்தையே நம்புங்க, முடிஞ்சா கன்னத்துப் பக்கத்துலேர்ந்து நாக்குப் பக்கம் வரைக்கும் உள்ள தடிப்பையும் சேத்துக்கோங்க. அதுக்கும் ஒரு ஊரு எல்லைய இன்னொரு ஊருல வைக்கக் கூடாது, சீனவங்க, மலாய்க்காரங்க, நம்மாளுங்கனு ஒவ்வொரு கூட்டத்துக்கும் பல்லு சைஸ் மாறும், அந்தந்தக் கூட்டத்துலயே ஆம்பள பொம்பள நெறைய பேர அளந்து எல்லைய போடணும்.

இன்னொன்னு, சராசரியா பாத்தா ஆம்பள பொம்பள வித்தியாசமே அர மில்லிமீட்டருக்குள்ளதான். உங்க கை 0.2 ஆடினா கத முடிஞ்சிச்சு. பல்லு நெருக்கியடிச்சு ஏறி எறங்கி இருந்தா கூருக்குக் கூர் தூரம் பொய் சொல்லும், பல்லும் பல்லும் ஒரசி தேஞ்சிருந்தா அகலம் கொறையும். எங்க மாமா நாப்பது வருசமா வெத்தல பாக்கு போடுறவரு, அவரு அச்சுல கூர் எங்க இருக்குனே தெரியல, மொட்டையா சப்பையா கெடக்கு, அத ஒதுக்கி வச்சிட்டேன்.

நெச கேஸ்ல பல்லு அளவ மட்டும் வச்சு யாரும் முடிவு சொல்ல மாட்டாங்க, தேடவேண்டிய பேரு லிஸ்ட்ட சுருக்கத்தான் இது. உறுதியா வேணும்னா பல்லுக்குள்ள இருக்குற கூழ்லேர்ந்து டிஎன்ஏ எடுத்து அமெலோஜெனின் ஜீன பாப்பாங்க, அது எக்ஸ் குரோமோசோம்லயும் இருக்கு, ஆம்பளைங்களுக்கு மட்டும் இருக்குற ஒய்லயும் இருக்கு, ரெண்டும் நீளத்துல வேற, அதான் பிரிச்சு சொல்ல முடியுது. மொதல்ல வீட்ல பத்து அச்சு அளந்து மூனு தடவையும் ஒரே அளவு வருதானு பாருங்க, மச்சான் அச்சு எனக்கு நாலாவது வாரந்தான் ஒழுங்கா வந்துச்சு.